முதல் மந்திரிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீடு ஒரே நாளில் இரண்டு தடவை அதிர்ந்தது. முதல் அதிர்ச்சி திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. இரண்டாவது எங்கள் அடுக்களை வாசலிலிருந்து வந்தது. திருவனந்தபுரத்து அதிர்ச்சியை ஊரே சேர்ந்து தாங்கிக்கொண்டது. அடுக்களை அதிர்ச்சியைத் தாங்க நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். அந்த நான்கில் நான் ஒன்பது வயதுப் பெண்.

அப்போது தோவாளை, திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. மகாராஜாவின் காலம் போய், ஓட்டுப் போட்டு மந்திரிகளைக் கொண்டுவரும் காலம் வந்திருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு அந்த மாநிலத்தில் இருக்கவே மனமில்லை. பிரிந்து போய்விட வேண்டும் என்று தனியாக ஒரு தமிழர் கட்சியே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் வேலை வேண்டும், ரோடு வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வேண்டும் என்றால் திருவனந்தபுரத்தில்தான் போய் நிற்க வேண்டும். அதனால் அங்கே நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது எங்களுக்கு மழை வருமா வராதா என்பதைப் போன்ற கேள்வி.

அந்த வருஷம் தேர்தல் முடிந்து எண்ணிப் பார்த்தால், யாருக்கும் பாதிக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. பெரிய கட்சிக்கு நிறைய இடங்கள்தான், ஆனால் ஆட்சி அமைக்கப் போதாது. எதிரணிக்கும் நிறைய, அதுவும் போதாது. முதல் மந்திரி யார் என்பதை அறிய டீக்கடை ரேடியோவின் முன்னால் ஆட்கள் காலையிலேயே இடம்பிடித்து உட்கார்ந்தார்கள்.

அப்பா பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்துவந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டிலேயே தங்கி அப்பாவுக்குத் துணையாக இருந்தார். மாமாவுக்கு அரசியல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சோறு வந்தால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவார், அது வேறு விஷயம். நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ்ஸில் யாராவது பத்திரிகையோடு இறங்கினால், அவர் வீடு போய்ச் சேருவதற்குள் மாமா அதைப் படித்து முடித்திருப்பார்.

சந்தை ஓய்ந்த ஒரு காலையில் மாமா அப்பாவுக்குக் கணக்கைப் பூ வைத்து விளக்கினார். சாக்கை விரித்து, ஒரு குவியல் பிச்சிப்பூவை வைத்தார். அது பெரிய கட்சி. எதிரில் ஒரு குவியல் மஞ்சள் செவ்வந்தி. அது எதிரணி. பக்கத்தில் கொஞ்சம் துளசி, நம் தமிழர் கட்சி. கடைசியாக ஒரு பிடி மருக்கொழுந்தை எடுத்துச் செவ்வந்தியின் ஓரத்தில் வைத்தார். எதிரணியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கட்சி அது.

“பாத்துக்கிடுங்க அத்தான். தொளசி பிச்சியோட சேந்தா பெரிய கட்சி ஆளும். கொழுந்து செவந்தியோடயே கெடந்து, இன்னும் நாலுபேரு வந்தா எதிரணி ஆளும். ரெண்டே வழி. மூணாவது வழின்னு ஒண்ணு வந்தா நான் மீசைய எடுத்துருகேன்.”

மாமாவுக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. அப்பா குவியல்களைக் குனிந்து பார்த்தார். அவருக்கு அரசியலில் அக்கறை கிடையாது. அவர் பார்த்தது என் அத்தையின் கல்யாணத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் அப்பாவின் கையில் வளர்ந்தவள். இருபத்துமூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் அப்பாவை விசாரித்துக்கொண்டே இருந்தது. அந்த மாசி மாதம் திருவட்டாற்றிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் மராமத்து ஆபீசில் வேலை பார்த்தார். ஆனால் தற்காலிக வேலை. மாப்பிள்ளையின் அண்ணன் பெரிய கட்சியில் கொடி பிடிக்கிறவர். அவர் சிபாரிசில் கிடைத்த வேலை அது. பெரிய கட்சி ஆட்சிக்கு வந்தால் வேலை நிரந்தரமாகும், எதிரணி வந்தால் அண்ணனின் ஆட்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அண்ணனும் மாமாவும் மந்திரிசபையைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரில் முருகன் படத்துக்குப் போட்டிருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பலகாரத் தட்டோடு பக்கத்தில் போனபோது, “இந்த மாலைய கெட்டினது யாரு?” என்று மெல்லக் கேட்டார். அத்தை என்றேன். எழுந்து போய், மாலையைத் தொடாமல், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் போன பிறகு அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னட்டி கேட்டாவ?”

சொன்னேன்.

“நீ என்ன சொன்ன?”

சொன்னேன்.

“பெறவு?”

“பெறவு ரெண்டு முறுக்கு தின்னாவ.”

இதையே அன்று மாலைக்குள் என்னிடம் பலதடவை கேட்டாள். முறுக்கு தின்றது உட்பட ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள். அத்தைக்குக் காது மந்தமாகிவருகிறதோ என்று நான் பயந்தேன்.

அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. மாசி முடிவதற்குள் வாக்குச் சொல்லிவிட வேண்டும் என்று திருவட்டாற்றுக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். திருவனந்தபுரத்திலோ இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனது. வேலை இல்லாமல் போகப்போகிற ஒருவனுக்குத் தங்கையைக் கொடுத்துவிட்டு நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்பது அப்பாவின் கவலை. வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்த வேலை நிரந்தரமாகிவிட்டால் ஊர் முகத்தில் எப்படி முழிப்பது என்பது இன்னொரு கவலை. அத்தையின் முகத்தைப் பார்த்து என்ன நினைக்கிறாய் என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றாது.

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் மனம் இரண்டாக நின்றால் அதுதான் வழி. சிவப்புப் பூ ஒன்றையும் வெள்ளைப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து, வாழைநாரால் ஒரேமாதிரி கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். வயசுக்கு வராத ஒரு பிள்ளை அதில் ஒன்றை எடுக்கும். அதைப் பிரித்துப் பார்த்து, வந்த நிறத்தை அம்மனின் சொல்லாக எடுத்துக்கொள்வார்கள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அதை அப்படியே குளத்தில் போட்டுவிட வேண்டும்.

மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அப்பா இரண்டுக்கும் அரளியையே எடுத்துவந்தார். செவ்வரளி என்றால் பெரிய கட்சி, கல்யாணம். வெள்ளரளி என்றால் எதிரணி, கல்யாணம் இல்லை. பூ கட்டுவதில் அத்தைக்கு மிஞ்சி எங்கள் தெருவில் ஆளில்லை. பொட்டலம் போடும் வேலையும் அவளுக்கே வந்தது. தலைக்குக் குளித்து, ஈர முடியோடு சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரும்போது இரண்டு பொட்டலங்கள் கையில் இருந்தன, எது எது என்று அம்மன்கூடக் குழம்பும்படி.

வெள்ளிக்கிழமை காலை, முத்தாரம்மன் கோயில். பூசாரி இரண்டையும் கையில் குலுக்கிக் கற்பூரத் தட்டுக்கு முன்னால் போட்டார். என்னைத் தள்ளிவிட்டார்கள். முதல் மந்திரி யாரென்று இன்னும் ரேடியோவுக்கே தெரியாது, அதை நான் எடுக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன்.

மாமா பிரித்தார். சிவப்பு.

அம்மா குலவை போட்டாள். அப்பா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார், ஒன்பது வயதுக்காரியை. அன்று மத்தியானமே திருவட்டாற்றுக்கு ஆள் போய் வாக்குச் சொல்லிவிட்டு வந்தது. வெற்றிலை மாற்றுவதற்கு நாளும் குறித்தார்கள். நான் எடுத்த பூவைப் பற்றிக் கேள்விப்பட்டு, டீக்கடையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர், இனி என்ன கேட்க இருக்கிறது என்று எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

அதன் பிறகு ஒரு நாள் முற்பகல். அம்மாவும் அத்தையும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து பிச்சி கட்டிக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு பக்கம் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். மாமா தெருவில் ஓடிவந்தார். தோள் துண்டு எங்கேயோ விழுந்திருந்தது. வாசலில் நின்று வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

“என்னலே? யாருக்கு என்ன ஆச்சு?” என்று அப்பா பதறினார். யாரோ செத்துப்போனார்கள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

“கொழுந்து,” என்றார் மாமா.

“என்னது?”

“கொழுந்து அத்தான்! கொழுந்துதான் முதல் மந்திரி!”

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மாமா ஓரத்தில் ஒதுக்கி வைத்தாரே ஒரு பிடி மருக்கொழுந்து, அந்தச் சின்னக் கட்சியின் தலைவர் முதல் மந்திரியாகிவிட்டார். அவருக்குத் தோள்கொடுத்தது யார் என்றால் பெரிய கட்சி. நாங்கள் ஆளவில்லை, நீங்களே ஆளுங்கள், வெளியில் நின்று கைதூக்குகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆகப் பெரிய குவியல் ஒதுங்கி நின்று, ஒரு பிடியைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டது. எதிரணி அங்கே வாயைப் பிளந்து நின்றது. எங்கள் தெருவும் அப்படித்தான் நின்றது. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே விட்டுவிட்டார். பெரிய கட்சிக்கு ஓட்டுப்போட்டவர்களுக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை, எதிர்த்துப் போட்டவர்களுக்கும் அழத் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து, அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

அப்பா சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். அம்மன் சிவப்பு என்றாள். பெரிய கட்சி ஆளும் என்றாள். இப்போது ஆளுவது பெரிய கட்சியா இல்லையா? மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆபீசில் இனிச் செல்வாக்கு உண்டா இல்லையா? மாமாவின் கணக்கில் மட்டுமல்ல, அம்மன் முன்னால் போட்ட கணக்கிலும் மூன்றாவது பொட்டலம் இல்லை. முதல் மந்திரிக்காகப் பூக்கட்டிப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம், அதிலும் ஒரு பொட்டலம் குறைத்துப் போட்டுவிட்டோம்.

சாயங்காலத்துக்குள் இன்னொரு சேதி வந்தது. புதிய மந்திரிகள் வந்ததும் தற்காலிக ஆட்களை ஆபீசிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். அப்பா எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார்.

“வாக்குச் சொல்லியாச்சே மாப்ளே. எப்படித் திரும்ப வாங்கதுக்கு?” என்று மாமாவிடம் கேட்டார்.

மாமா யோசித்தார். யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை.

“பூவெடுத்த பிள்ள சுத்தமா இல்லேன்னா, அது அம்மன் வாக்கே இல்ல அத்தான். அம்மன் வாக்கு இல்லேன்னா, நாம சொன்ன வாக்கும் நிக்காது. திருவட்டாறுல சொன்னா அவங்களும் ஒத்துக்கிடுவாங்க.”

என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள்.

“ஏட்டி, அண்ணைக்கிக் காலைல குளிச்சியா?”

“குளிச்சேன்.”

“எதாவது தின்னியா?”

“இல்ல.”

“நெனச்சுப் பாரு மக்கா. வடக்கு வீட்டுல அண்ணைக்கிக் கருவாடு சுட்ட வாசன அடிச்சுதே. அங்க போனியா?”

“போகல்ல.”

“வாசல்ல நின்னியா?”

மாமா கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கையால் ஒரு மந்திரிசபை கவிழ்ந்துவிட்டது என்றுதான் புரிந்துகொண்டேன். நாகர்கோவிலிலிருந்து போலீஸ் வரும் என்று தோன்றியது. ஆமாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள்போல் இருந்தது. அழுதுகொண்டே, “ஆமா, ஒரு துண்டு தின்னேன்,” என்றேன். தின்னவே இல்லை.

அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்தது. சாமி காரியத்தன்று கருவாடு தின்ற பிள்ளையைப் பார்த்து ஒரு தகப்பன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. மாமா தொடையைத் தட்டினார். “முடிஞ்சுது அத்தான். நாளைக்கு மொத பஸ்ஸுல நான் போறேன்.”

“அவ தின்னல்ல.”

அத்தை அடுக்களை வாசலில் நின்றாள். கையில் கட்டி முடிக்காத பூச்சரம் தொங்கியது. அப்பா இருக்கும் கூட்டத்தில் அவள் அப்படி வந்து நின்றதை நாங்கள் பார்த்ததே கிடையாது.

“பிள்ளைய எதுக்கு அழவைக்கிய அண்ணே? அவ எதத் தொட்டாலும் செவப்புதான் வந்திருக்கும். ரெண்டுலயும் நான் செவப்புதான் வச்சேன்.”

திருவனந்தபுரத்துச் சேதிக்கு வாயைத் திறந்து அப்படியா அப்படியா என்று கேட்டவர்கள், இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அம்மனிடம் பொய்யாகப் பொட்டலம் போடலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அத்தையின் கண் குருடாகும், கை விளங்காமல் போகும் என்று நினைத்து அவள் கையையே பார்த்தேன். அந்தக் கை சரத்தை விடவில்லை.

முதலில் தேறியவர் மாமாதான். அவருக்குக் கணக்கு முக்கியம்.

“அப்பிடின்னா இன்னும் நல்லதாப் போச்சு அத்தான். அது அம்மன் வாக்கே இல்ல, சுத்த ஏமாத்து. வாக்குச் செல்லாது.”

“அம்மன் சொன்ன வாக்குதான் செல்லாது,” என்றாள் அத்தை. “நான் சொன்னது செல்லும்.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தெரிந்து அன்றுதான் முதன்முதலாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் ஏனோ தணிந்துவிட்டது.

“அவனுக்கு வேல போயிரும் பிள்ளே.”

“போட்டும்.”

“வேல போனா என்ன செய்வான்?”

“இங்க சந்தையில பூ இல்லியா? எனக்குக் கை இல்லியா?”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். பிறகு அம்மா அப்பாவிடம், சந்தைக்கு ஆள் அனுப்பச் சொல்லும் சாதாரணக் குரலில், “கேட்டாச்சுல்லா? வெத்தில மாத்துக நாளுக்கு இன்னும் ஒண்ணும் வாங்கல்ல. போயி ஆகவேண்டியதப் பாருங்க,” என்றாள்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு வெற்றிலை இருந்தது.

மாமாவின் ஆடாத கணக்குகள் பின்னால் ஒவ்வொன்றாக ஆடின. கொழுந்து ஆட்சி ஒரு வருஷம்கூட முழுசாக நிற்கவில்லை. மாப்பிள்ளையின் வேலை அதற்கும் முன்பே போய்விட்டது. பிறகு எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அப்பா உறக்கம் கெட்டுப் பயந்த அந்தத் திருவனந்தபுரமே எங்களுக்கு அடுத்த மாநிலத்து ஊராகிவிட்டது. அத்தையும் அவள் புருஷனும் எங்கள் கடைக்கு மூன்றாவது கடையில் மாலை கட்டி விற்றார்கள். இதெல்லாம் வளர்ந்த பிறகு நான் கோத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது வேறு.

அன்று சாயங்காலம் அத்தை கொல்லையில் துவைகல்லின்மேல் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோ, பஸ், டீக்கடை எல்லாம் சேர்ந்து சொன்னதை வைத்து, நான் அதற்குள் முழு விஷயத்தையும் புரிந்துகொண்டிருந்தேன். இரண்டு பொட்டலத்திலும் பெரிய கட்சிக்கான சிவப்பை வைத்தாள் என்றால், தெய்வக் குற்றத்துக்கும் பயப்படாமல் வைத்தாள் என்றால், அத்தைக்கு அந்தக் கட்சியின்மேல் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும்! கிட்டே போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“அழாதிய அத்தை. அடுத்த எலெக்சன்ல பெரிய கட்சிதான் வரும். நானும் வளந்து ஓட்டுப் போடுகேன்.”

அத்தை என்னைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அம்மா ஓடிவந்து என்னவென்று கேட்க, அத்தையால் சொல்லவும் முடியவில்லை. நான்தான் சொன்னேன். அம்மாவும் துவைகல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தோற்றுப்போன கட்சிக்காக ஒருத்தி நெஞ்சுருகி அழுகிறாள், அதைப் பார்த்து இவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், கட்சிக்காக அம்மனையே ஏமாற்றியவள் எங்கள் அத்தை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.